கீழே டிவி, மேலே போன், இரண்டிலும் "இணையம் இல்லை": இரண்டு ரவுட்டர் உள்ள வீட்டில் கோளாறு எங்கே?

மேல்மாடி:

வணக்கம். எங்கள் வீடு கோயம்புத்தூரில், கீழும் மேலுமாக இரண்டு தளம். கீழே அப்பா அம்மா, மேலே நானும் கணவரும் பையனும். ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் திட்டம். ஃபைபர் வந்து சேர்கிற மோடம் கீழ் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது, வைஃபையும் அதிலேயே உண்டு. நடுவில் காங்கிரீட் தளம் இருப்பதால் அது மேலே சரியாக எட்டாது. வீடு கட்டும்போதே சுவருக்குள் பைப் போட்டு ஒரு லேன் ஒயரை மேலே இழுத்து வைத்திருந்தோம். அதன் முனையில் ஒரு பழைய ரவுட்டரை மாட்டினோம், இத்தனை நாளும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது.

இப்போது சில வாரங்களாக ஒரே அவஸ்தை. போனில் வைஃபை கோடுகள் முழுதாக இருக்கும், இணைந்துவிட்டது என்றுதான் காட்டும், ஆனால் கீழே சின்ன எழுத்தில் "இணையம் இல்லை" என்று வரும். வைஃபையை அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகிறது, சில நேரம் ஆகவில்லை. என் லேப்டாப்பில் மீட்டிங் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், அதே அறையில் அதே நேரத்தில் கணவரின் போனில் ஒன்றும் திறக்காது. மறுநாள் அவருக்கு வரும், எனக்கு வராது. இதில் எனக்குப் புரியவே புரியாதது கீழே இருக்கிற டிவி. அது மேல் ரவுட்டரின் வைஃபையில் இல்லை, மோடத்தின் வைஃபையில்தான் இருக்கிறது, மோடத்துக்கு ஒரு கை எட்டும் தூரத்தில். அதற்கும் அடிக்கடி இதே கோளாறு. மோடத்தில் சிவப்பு லைட் எதுவும் எரியவில்லை.

இணைப்புக் கொடுத்தவரின் ஆள் வந்து மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்தார், தன் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டினார், 95 வந்தது. "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குங்க, உங்க மேல் ரவுட்டர்தான் பழசு, மெஷ் செட் வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். (மெஷ் என்றால் வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்ப ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ரவுட்டர்கள்.) செலவு செய்யத் தயங்கவில்லை. ஆனால் கோளாறு எங்கே என்று தெரியாமல் ஒரு பொருளை வாங்கி மாட்டி, அதற்குப் பிறகும் இதே நிலைமை என்றால் என்ன செய்வது? நான் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு மாதாமாதம் டாக்டரோடு வீடியோ ஆலோசனையும் உண்டு, போன முறை பாதியில் நின்றுவிட்டது. எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

அரசமரம்:

எனக்கு இதே மாதிரி வந்தபோது டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) மாற்றினதும் சரியாகிவிட்டது. மோடம் செட்டிங்கில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.1, இரண்டாவதாக 8.8.8.8 போட்டுப் பாருங்கள். இணைப்புக் கொடுப்பவர்களின் சொந்த டிஎன்எஸ் சாயங்காலம் ஆனால் திணறும், அப்போது வைஃபை இருக்கும், எந்தத் தளமும் திறக்காது, வாட்ஸப் மட்டும் ஓடும். அப்புறம் மேல் ரவுட்டரின் வைஃபை சேனலையும் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 மூன்றுதான். கீழே மோடம் 1-இல் இருந்தால் மேலே 6 அல்லது 11 வையுங்கள். "ஆட்டோ" என்று விட்டால் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து இரண்டும் ஒரே சேனலில் போய் உட்காரும்.

செப்புக்கம்பி:

மேடம், மெஷ் எதுவும் வாங்கிவிடாதீர்கள். இப்போதைக்கு எந்த ரவுட்டரையும் ரீசெட் செய்யவும் வேண்டாம், யாரையும் செய்ய விடவும் வேண்டாம்.

அரசமரம் சொன்ன டிஎன்எஸ் கோளாறு உண்மையிலேயே வருவதுதான், ஆனால் அது வந்தால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வரும். உங்கள் வீட்டில் ஒரே அறையில் ஒருவருக்கு ஓடுகிறது, ஒருவருக்கு ஓடவில்லை. சேனல் நெரிசல் என்றால் வேகம் குறையும், விட்டுவிட்டு வரும், இப்படிச் சுத்தமாக நின்றுபோகாது. அதோடு மோடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற டிவிக்கும் வருகிறது என்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது, ஆனால் ஊகத்தில் சொல்ல விரும்பவில்லை, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

"நெட் வரவில்லை" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோமே, அதற்குள் வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கிற வைஃபை அறுந்திருக்கலாம். வைஃபை இருந்தும் போனுக்கு ஐபி முகவரி (வலையில் அதை அடையாளம் காட்டும் எண்) கிடைக்காமலோ தப்பான முகவரி கிடைத்தோ இருக்கலாம். முகவரி சரியாக இருந்தும் மோடத்துக்கு வெளியே ஃபைபர் பக்கம் நின்றிருக்கலாம். அதுவும் சரியாக இருந்து, தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருகிற டிஎன்எஸ் மட்டும் படுத்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆஃப் செய்து ஆன் செய்வது எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கலைத்துவிடும், அதனால் கொஞ்ச நேரம் சரியாகிற மாதிரி தெரியும், எது கோளாறு என்பது மட்டும் கடைசி வரை தெரியாது.

அடுத்த தடவை நிற்கும்போது வைஃபையை அணைக்காதீர்கள். நின்ற நிலையிலேயே அந்தப் போனில் செட்டிங்ஸ், வைஃபை, உங்கள் வைஃபையின் பெயர் என்று உள்ளே போனால் ஐபி முகவரி, கேட்வே (வெளியே போகும் வழியாக இருக்கிற கருவியின் முகவரி) இரண்டும் தெரியும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். நன்றாக ஓடுகிற லேப்டாப்பிலும் அதையே பாருங்கள். விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு ஆல் என்று சேர்த்து அடியுங்கள் (எல்லாம் ஆங்கில எழுத்தில்). அதில் டிஎச்சிபி சர்வர் என்று ஒரு வரி வரும், ஐபி முகவரியைக் கொடுத்தது யார் என்று சொல்வது, அது எனக்கு முக்கியம்.

முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் யாருமே முகவரி கொடுக்கவில்லை, கருவி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். நன்றாக ஓடுகிற கருவியில் 192.168.1 என்றும், நின்றுபோன கருவியில் வேறு எண் வரிசையும் இருந்தால் கதை வேறு. பிறகு லேப்டாப் நிற்கும் நேரத்தில் அதிலிருந்து பிங் (ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள்: கேட்வே முகவரிக்கு ஒன்று, வெளியே இணையத்தில் இருக்கிற 8.8.8.8-க்கு ஒன்று. கேட்வேயே பதில் சொல்லாவிட்டால் கோளாறு வீட்டுக்குள் வைஃபையிலோ ஒயரிலோ. கேட்வே பதில் சொல்லி 8.8.8.8 சொல்லாவிட்டால் அந்தக் கேட்வேக்கு அப்பால். இரண்டும் சொல்லி, பெயர் போட்டால் மட்டும் திறக்கவில்லை என்றால் அப்போதுதான் டிஎன்எஸ்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மேல் ரவுட்டரின் பின்னால் கீழிருந்து வரும் ஒயர் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது? தனியாக நீலமாக இருக்கிற வான் போர்ட்டிலா (வெளி இணையம் ரவுட்டருக்குள் வருவதற்கானது), ஒரே நிறத்தில் வரிசையாக இருக்கிற லேன் போர்ட்டுகளில் ஒன்றிலா? இது தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த மேல் ரவுட்டரை யாராவது தொட்டார்களா?

மேல்மாடி:

நீங்கள் சொன்னபடி காத்திருந்து பார்த்தேன். இன்று காலை என் லேப்டாப் நன்றாக ஓடியது. அதில் ஐபி 192.168.1.34, கேட்வே 192.168.1.1, டிஎச்சிபி சர்வரும் 192.168.1.1. அதே நேரத்தில் கணவரின் போனில் நெட் இல்லை. அதில் ஐபி 192.168.0.101, கேட்வே 192.168.0.1. இரண்டும் ஒரே வைஃபை, ஒரே அறை!

மதியம் என் லேப்டாப்பும் நின்றது. பார்த்தால் அதற்கும் 192.168.0 என்று வந்திருந்தது, டிஎச்சிபி சர்வர் 192.168.0.1 என்று மாறியிருந்தது. பிங் போட்டேன். 192.168.0.1 உடனே பதில் சொன்னது, 2 அல்லது 3 மில்லி செகண்ட். 8.8.8.8 ஒன்றுக்குமே பதில் இல்லை. கீழே போய் டிவியின் செட்டிங்கில் பார்த்தேன், அதிலும் 192.168.0.103. மோடத்தின் வைஃபையில் இருந்துகொண்டு அதற்கு எப்படி இந்த எண் வந்தது?

ஒயர் லேன் போர்ட்டில்தான் இருக்கிறது. மாட்டிக் கொடுத்த கணவரின் நண்பர் அப்படித்தான் போட்டார், வான் போர்ட் காலியாக இருக்கட்டும் என்று அப்போதே சொல்லியிருந்தார். யாராவது தொட்டார்களா என்று கேட்டீர்களே, ஆமாம். ஒரு மழை நாளில் தெருவில் ஃபைபர் அறுந்து மோடத்தில் எல்ஓஎஸ் என்ற லைட் (ஃபைபரில் சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக எரிந்தது. சரிசெய்ய வந்தவர் கீழே வேலையை முடித்துவிட்டு, மேலேயும் வந்து அந்த ரவுட்டரின் பின்னால் ஊசியால் குத்தி ரீசெட் செய்தார், பிறகு எங்கள் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டுப் போட்டுக் கொடுத்தார். இப்போது யோசித்தால் எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

செப்புக்கம்பி:

சந்தேகப்பட்டது அதேதான். கோளாறு தெரிந்துவிட்டது, ஒரு ரூபாய் செலவில்லாமல் சரிசெய்யலாம்.

உங்கள் வீட்டில் இப்போது முகவரி கொடுக்கிற டிஎச்சிபி சர்வர் இரண்டு இருக்கிறது. கீழே மோடம் ஒன்று, மேலே ரவுட்டர் ஒன்று. ஒரு போன் வைஃபையில் சேர்ந்ததும் "எனக்கு யாராவது முகவரி கொடுங்கள்" என்று வலையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு செய்தி அனுப்பும். அதற்கு யார் குறிப்பாகப் பதில் சொல்ல வேண்டும் என்று போனுக்குத் தெரியாது, பெரும்பாலும் முதலில் வந்த பதிலை எடுத்துக்கொள்ளும். மோடம் முந்தினால் 192.168.1 வரிசையில் முகவரியும், வெளியே போக வழி 192.168.1.1 என்ற தகவலும் கிடைக்கும், எல்லாம் ஓடும். மேல் ரவுட்டர் முந்தினால் 192.168.0 வரிசையில் முகவரி, வெளியே போக வழி 192.168.0.1, அதாவது அந்த ரவுட்டரே. அதன் வான் போர்ட் காலி. போன் அனுப்புகிற எல்லாம் அதோடு நின்றுவிடும். அதனால்தான் கேட்வேக்கு பிங் அருமையாகப் போகிறது, 8.8.8.8-க்குப் போகவில்லை.

டிவி ஏன் மாட்டியது என்பதற்கும் இதுவே பதில். லேன் போர்ட்டில் ஒயர் செருகியிருப்பதால் மேல் ரவுட்டரும் மோடமும், அவற்றின் வைஃபைகளும் சேர்ந்து ஒரே வலையாகத்தான் இருக்கின்றன. டிவி கீழே கேட்கிற கேள்வி அந்த ஒயர் வழியாக மேலேயும் போகும், மேல் ரவுட்டர் பதில் சொல்லும். எந்த வைஃபையில் இருக்கிறது என்பதற்கும் யார் முகவரி கொடுக்கிறார் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

கொடுத்த முகவரிக்கு ஒரு கெடு உண்டு. பல ரவுட்டர்களில் அது 24 மணி நேரம், சிலவற்றில் 2 மணி நேரம். கெடுவில் பாதி ஆனதும் போன் மறுபடி கேட்கும், ஆனால் அந்தக் கேள்வி முன்பு கொடுத்தவருக்கே நேராகப் போகும். அதனால் ஒருமுறை தப்பான இடத்தில் வாங்கிவிட்டால் அதே தப்பில்தான் தொடரும். வைஃபையை அணைத்துப் போடும்போது சில தடவை மோடத்திடமிருந்து முகவரி வந்துவிடுகிறது, அப்போது சரியாகிவிட்டதாகத் தோன்றுகிறது.

உங்கள் நண்பர் முதலில் மாட்டும்போது மேல் ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்து வைத்திருப்பார். அவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஊசியால் குத்தி ரீசெட் செய்ததில் அந்த அமைப்பு போய், கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிட்டது, அந்த நிலையில் டிஎச்சிபி ஆனில்தான் இருக்கும். பெயரும் பாஸ்வேர்டும் பழையபடி இருந்ததால் உங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

சரிசெய்யும் முறை. முதலில் கீழே மோடத்தின் பக்கத்தை 192.168.1.1 என்று போட்டுத் திறந்து, டிஎச்சிபி எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கிறது என்று பாருங்கள். பல மோடங்களில் 2 முதல் 254 வரை இருக்கும். ஆரம்பத்தை 20 என்று மாற்றிவிடுங்கள், அப்போது 2 முதல் 19 வரை நம் கைக்குக் கிடைக்கும். அப்புறம் மேலே போய், கீழிருந்து வரும் ஒயரை ரவுட்டரிலிருந்து உருவுங்கள். இதை மறக்க வேண்டாம், உருவாவிட்டால் லேப்டாப் எதிலிருந்து முகவரி வாங்குகிறது என்ற குழப்பம் தொடரும். லேப்டாப்பை ஒரு சின்ன லேன் ஒயரால் அந்த ரவுட்டரில் செருகி 192.168.0.1 திறங்கள். பாஸ்வேர்டு ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்.

உள்ளே ஆபரேஷன் மோட் என்ற இடத்தில் ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபையை மட்டும் பரப்புவது) என்று ஒரு தேர்வு இருந்தால் அதையே போடுங்கள், டிஎச்சிபியை அது தானே அணைத்துவிடும். சில மாடல்களில் அந்த மோடில் வான் போர்ட்டையும் லேன் மாதிரியே பயன்படுத்தலாம். பழைய ரவுட்டர் என்பதால் அந்தத் தேர்வு இல்லாமலும் இருக்கலாம். அப்போது டிஎச்சிபியை முதலில் அணைத்துச் சேமித்துவிட்டு, லேன் செட்டிங்கில் ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். மாற்றியதும் பக்கம் அப்படியே தொங்கி நிற்கும், பயப்பட வேண்டாம், முகவரி மாறிவிட்டதால் வருவது. இப்போது கீழ் ஒயரை லேன் போர்ட்டில் திரும்பச் செருகுங்கள். எல்லாக் கருவியிலும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், டிவியை பிளக்கிலிருந்தே எடுத்துப் போடுங்கள். இனி எந்தக் கருவியிலும் 192.168.0 என்று வரக் கூடாது. மேல் ரவுட்டரின் பக்கம் வேண்டுமென்றால் வீட்டில் எங்கிருந்தும் 192.168.1.2 போட்டால் திறக்கும்.

ரீசெட் ஆனதில் உள்ளே நுழைகிற அட்மின் பாஸ்வேர்டும் பழைய பொதுப் பாஸ்வேர்டாக மாறியிருக்கும். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. இதையும் மாற்றிவிடுங்கள், டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனாலோ பின் எண்ணாலோ வைஃபையில் சேரும் வசதி) ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கடைசித்தெரு:

செப்புக்கம்பி அண்ணா சொன்னது நூறு சதவீதம் சரி. நான் ஒரு டியூஷன் சென்டரில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறேன். அங்கே ஒரு ஆசிரியர் தன் அறைக்கு வைஃபை வேண்டும் என்று வீட்டிலிருந்து ரவுட்டர் கொண்டுவந்து சுவரிலிருந்த லேன் பாயிண்டில் செருகிவிட்டார், அன்று மூன்று வகுப்பறைக் கம்ப்யூட்டர்களும் ஒவ்வொன்றாக நின்றன. அப்போது கண்டுபிடிக்க உதவியதும் அந்த டிஎச்சிபி சர்வர் வரிதான். மேடம் சொன்ன டிவி விஷயம் எனக்கு அப்படியே அதை நினைவுபடுத்தியது.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் யாராவது உங்களிடம் வந்து "ஒயரை வான் போர்ட்டில் மாற்றிச் செருகினால் போதும், செட்டிங்கே வேண்டாம்" என்று சொல்லக்கூடும். அப்படிச் செய்தாலும் நெட் வரும், பொய் இல்லை. ஆனால் மேல் ரவுட்டர் தனக்கென்று இன்னொரு வலையை உள்ளே உருவாக்கிவிடும். மோடம் ஒருமுறை முகவரி மாற்றும், ரவுட்டர் இன்னொரு முறை மாற்றும், டபுள் நாட் என்பார்கள். யூடியூப், வாட்ஸப், மீட்டிங் எல்லாம் அதில் ஓடிவிடும். மேலே போனிலிருந்து கீழே டிவிக்குப் படம் அனுப்ப முடியாது, கீழே பிரின்டர் இருந்தால் மேல் லேப்டாப்புக்குத் தெரியாது, பையன் ஆன்லைன் விளையாட்டு ஆடினால் அதில் நண்பர்களோடு சேர்வதில் தகராறு வரும். ஒரே குடும்பம் மேலும் கீழும் இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம். கீழே வாடகைக்கு விட்டிருந்தால் நானே வான் போர்ட்டில் செருகச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று, "வேகம் கூடட்டும்" என்று மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இரண்டாவது ஒயர் போட்டுவிடாதீர்கள். வீட்டு ரவுட்டர்களில் பலவற்றுக்கு அந்தச் சுற்றைத் தடுக்கத் தெரியாது. எல்லாருக்கும் போகிற செய்தி சுற்றிச் சுற்றி வந்து வலை முழுவதும் நின்றுவிடும், லைட்டுகள் எல்லாம் விடாமல் வேகமாகச் சிமிட்டும்.

மேல்மாடி:

ரொம்ப ரொம்ப நன்றி. ஆக்சஸ் பாயிண்ட் தேர்வு இந்த ரவுட்டரில் இல்லை, அதனால் டிஎச்சிபியை அணைத்து முகவரியை 192.168.1.2 ஆக்கினேன். மோடத்தில் 2 முதல் 254 வரைதான் இருந்தது, நீங்கள் சொன்னது போல் 20-இலிருந்து தொடங்கும்படி மாற்றிவிட்டேன். அட்மின் பாஸ்வேர்டும் மாற்றியாயிற்று. எல்லாக் கருவியிலும் பார்த்தேன், ஒன்றுகூட 192.168.0 இல்லை. டிவி நிற்கவில்லை. அப்பாவின் டாக்டர் ஆலோசனை நேற்று முழுதாக நடந்தது, ஒரு இடத்திலும் விட்டுப் போகவில்லை. அதற்காகவே உங்கள் இருவருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிடுகிறேன். மெஷ் வாங்குகிற பணம் மிச்சமானதால் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறலாமா என்று கணவர் கேட்கிறார். மேலே 200 வருமா? அடுத்தது, மேல் வைஃபைக்கும் கீழ் வைஃபைக்கும் வேறு வேறு பெயர். படியில் இறங்கும்போது போன் மேல் வைஃபையையே பிடித்துக்கொண்டு இழுக்கிறது. ஒரே பெயர் வைக்கலாமா, இல்லை அதுவும் குழப்பத்தைக் கொண்டுவருமா?

அரசமரம்:

டிஎன்எஸ் என்று சொன்னது பொருந்தவில்லை, ஆனால் கோளாறு பிடிபட்டதில் சந்தோஷம். கெடு விஷயம் எனக்கும் புதுசு.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஒரே பெயர் வைக்கலாம். பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே டபிள்யூபிஏ2 என்றால் மேலேயும் அதுவே. சேனல் மட்டும் வேறு வேறாக இருக்கட்டும். எப்போது தாவுவது என்பதைப் போன்தான் முடிவு செய்யும், அதனால் படியிலேயே சட்டென்று மாறும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு வைஃபையை விட்டு இன்னொன்றைக் கையால் தேர்ந்தெடுக்கிற வேலை மிச்சம். மேல் ரவுட்டரின் சிக்னல் பலத்தை நடுத்தரமாகக் குறைக்கும் வசதி இருந்தால் குறைத்துப் பாருங்கள், கீழே இறங்கியதும் போன் சீக்கிரம் அதை விட்டுவிடும்.

செப்புக்கம்பி:

200 பற்றி. திட்டத்தை மாற்றுவதற்கு முன்னால் மேல் ரவுட்டரின் போர்ட் வேகத்தைப் பாருங்கள். பழைய, விலை குறைந்த ரவுட்டர்கள் நிறையவற்றில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸோடு முடிந்துவிடும். ஸ்டிக்கரிலோ பெட்டியிலோ 10/100 என்று இருந்தால் அதுதான். அப்படியென்றால் கீழே 200 வந்தாலும், 500 வந்தாலும், மேலே டெஸ்டில் அதிகபட்சம் 94, 95 தாண்டாது. வீடியோ மீட்டிங், பாடம், படம் எல்லாவற்றுக்கும் அது தாராளம், ஒரு மீட்டிங்குக்கு 4 எம்பிபிஎஸ் கிடைத்தாலே நன்றாக ஓடும். மேலே 200 கட்டாயம் வேண்டும் என்றால் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் உள்ள ஒரு ஆக்சஸ் பாயிண்ட் மட்டும் வாங்கினால் போதும். மெஷ் செட் தேவைப்படுவது ஒயர் இழுக்க வழி இல்லாத வீட்டுக்கு. உங்களிடம் சுவருக்குள் ஒயரே இருக்கிறது, அதைவிட நம்பகமானது வேறில்லை.

ஜிகாபிட் போர்ட் இருந்தும் 100-இல் நின்றால் ஒயரின் முனையைச் சந்தேகப்படுங்கள். லேன் ஒயருக்குள் எட்டு கம்பி, நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கிரிம்ப் செய்யும்போது, அதாவது முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது, ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டாலும் 100-க்கு இறங்கிவிடும், நெட் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தால் பெரும்பாலும் சரியாகும். புதிதாக ஒயர் இழுப்பதாக இருந்தால் கேட் 6 கேளுங்கள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதை விலை குறைவு என்று தள்ளிவிடுவார்கள், முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள். கரண்ட் ஒயர் போகிற பைப்பிலேயே இதையும் விடக் கூடாது, தனிப் பைப் வேண்டும்.

கரண்ட் போய் வரும்போது மோடம் மறுபடி கிளம்புவதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும், மீட்டிங் நடுவில் அது பெரிய தொல்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் அது மாறுகிற அந்த ஒரு நொடியில் சில மோடம்கள் அணைந்துவிடும். மோடத்தின் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருந்தால், எத்தனை ஆம்பியர் என்பதையும் பார்த்து, அதற்குப் பொருந்துகிற மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டுங்கள். மேல் ரவுட்டரின் வோல்ட் 5 அல்லது 9 ஆகக்கூட இருக்கலாம், இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து அதே யூபிஎஸ்ஸை மாட்டிவிடக் கூடாது, ரவுட்டர் கருகிவிடும்.

கடைசித்தெரு:

ஒரு சின்ன வேலை மட்டும் பாக்கி இருக்கிறது மேடம். மேல் ரவுட்டரின் செட்டிங்கில் பேக்கப் என்று ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் இப்போதைய அமைப்பு முழுவதும் ஒரு ஃபைலாக இறங்கும், லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் "192.168.1.2, டிஎச்சிபி ஆஃப், ஒயர் லேன் போர்ட்டில், ரீசெட் செய்ய வேண்டாம்" என்று எழுதி ரவுட்டரின் மேலேயே செல்லோடேப்பால் ஒட்டுங்கள். அடுத்த முறை ஃபைபர் அறுந்தால் எல்ஓஎஸ் லைட் சிவப்பாக எரியும், அது முழுக்க முழுக்க வெளியே செய்ய வேண்டிய வேலை, வருகிறவர் மேலே ஏறி வரத் தேவையே இல்லை. கீழே மோடத்தின் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று ஒரு எண் இருக்கும், ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் பலம் அது, மைனஸில் காட்டும். இப்போது எல்லாம் நன்றாக ஓடுகிறபோதே அதைக் குறித்து வையுங்கள். மைனஸ் 27-க்கும் கீழே போனால் மோடம் தடுமாறும். இன்று மைனஸ் 20 இருந்து, ஒருநாள் மைனஸ் 26 என்று காட்டினால், எங்கேயோ ஃபைபர் மடங்கியிருக்கிறது அல்லது ஜாயின்ட் கெட்டிருக்கிறது என்று அந்த எண்ணைச் சொல்லியே புகார் கொடுக்கலாம். "உங்க ரவுட்டர் பழசு" என்ற பதிலை அப்போது அவர்கள் சொல்ல முடியாது.

மேல்மாடி:

சீட்டு ஒட்டியாயிற்று, பேக்கப் எடுத்தாயிற்று. ஆப்டிகல் பவர் மைனஸ் 21.4 என்று காட்டுகிறது, குறித்துக்கொண்டேன். ரவுட்டரின் அடியில் 10/100 என்றுதான் போட்டிருக்கிறது, அதனால் 200 திட்டம் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம், மோடத்துக்கு மினி யூபிஎஸ் மட்டும் வாங்குகிறோம். அடாப்டரில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர்.

செப்புக்கம்பி:

அப்படியென்றால் 12 வோல்ட், 2 ஆம்பியர் வரை கொடுக்கிற யூபிஎஸ்ஸாகப் பார்த்து வாங்குங்கள். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், மோடம் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட் மட்டும் அச்சாக 12 இருக்க வேண்டும். மோடத்தில் நுழைகிற பின்னும் அளவு பார்த்து வாங்குங்கள், பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டர் வெளிச்சுற்று, உள்ளே 2.1 அல்லது 2.5. கடைக்குப் போகும்போது பழைய அடாப்டரையே கையில் எடுத்துக்கொண்டு போனால் அங்கேயே செருகி ஒப்பிட்டுக்கொள்ளலாம்.